குழந்தைகள் நலக் குழு: ஐந்து பேர் கையில் ஒரு மாவட்டத்தின் பிள்ளைகள்

குழந்தைகள் நலக் குழுவில் ஐந்து பேர்: ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இன்னொருவர் குழந்தைகள் தொடர்பான விஷயங்களில் தேர்ந்தவராக இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு குழுவாவது அமைக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோர் இல்லாத பிள்ளைகள், பெற்றோர் இருந்தும் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள், பெற்றோரிடமே பாதுகாப்பு இல்லாத பிள்ளைகள் ஆகியோர் எங்கே, யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த மாவட்டத்தில் முடிவு செய்வது இந்தக் குழுதான். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இதற்கும் உண்டு. ஆனால் குழுவில் இருப்பவர்கள் நீதிபதிகள் அல்லர். சட்டம், சமூகப்பணி, உளவியல் போன்ற படிப்பு முடித்தவர்கள்; அதோடு கல்வி, சுகாதாரம், குழந்தைகள் நலம் ஆகியவற்றில் ஏழு ஆண்டுகளாவது ஈடுபட்டவர்கள், அல்லது அந்தப் படிப்பைக் கொண்டு தொழில் செய்பவர்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. மாதச் சம்பளம் கிடையாது. உட்காரும் நாளுக்கு அமர்வுப்படி உண்டு. மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும்.

இவ்வளவு அதிகாரம் உள்ள அமைப்பைப் பற்றி வெளியே தெரிந்தது மிகக் குறைவு. மாவட்ட ஆட்சியரைத் தெரியும், தாசில்தாரைத் தெரியும், மகளிர் காவல் நிலையத்தைத் தெரியும். குழந்தைகள் நலக் குழு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் வக்கீல்களே சிலர் யோசிப்பார்கள். தெரிந்த கொஞ்சமும் பெரும்பாலும் தப்பாகத்தான் தெரியும்: அங்கே போனால் பிள்ளையைப் பிடுங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள் என்பது பரவலான நம்பிக்கை. சட்டம் சொல்வது நேர் எதிர். குழந்தை வளர வேண்டிய இடம் குடும்பம். இல்லம் என்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும். இந்தக் குழுவின் வேலை முழுவதையும் இந்த ஒரு விதியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அது எங்கே தடுமாறுகிறது என்பதும் இதே விதியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிடலாம். திருட்டு, அடிதடி போன்ற குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இங்கே வருவதில்லை. அவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம் என்று தனி அமைப்பு இருக்கிறது. அவர்கள் தங்கவைக்கப்படும் இடம் கூர்நோக்கு இல்லம். குழந்தைகள் நலக் குழுவுக்கு வருபவர்கள், சட்டத்தின் மொழியில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள். தெருவில் வாழும் பிள்ளை, பிச்சை எடுக்கவைக்கப்பட்ட பிள்ளை, சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளை, ஓடிப்போன அல்லது காணாமல்போன பிள்ளை, பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளை, கவனிப்பார் இல்லாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை, இயற்கைச் சீற்றத்தில் வீட்டை இழந்த பிள்ளை, 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் பெண் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இந்தப் பிரிவினை லேசில் வந்ததல்ல. குழந்தைகளுக்கென்று இந்தியாவில் முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் சென்னை, ஆண்டு 1920. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் தொடர்ந்தன. ஆனால் அந்தக் காலத்துச் சட்டங்கள் திருடிய பையனையும் திக்கற்ற பையனையும் ஏறக்குறைய ஒரே வாசலில்தான் நிறுத்தின. நாடு முழுவதற்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986-இல் வந்தபோது இருவருக்கும் தனித்தனி அமைப்பு உருவானது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதற்கேற்பச் சட்டம் 2000-இல் மாற்றி எழுதப்பட்டபோது, திக்கற்ற பிள்ளைகளுக்கென 1986-இல் உருவான நல வாரியத்தின் இடத்துக்குக் குழந்தைகள் நலக் குழு வந்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் அமலில் உள்ளது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஒரு பிள்ளையைக் குழுவின் முன் யார் கொண்டுவரலாம்? போலீஸ், தொழிலாளர் ஆய்வாளர், மருத்துவமனை, தொண்டு நிறுவனம், அக்கறையுள்ள எந்தக் குடிமகனும் கொண்டுவரலாம். பிள்ளை தானாகவே நடந்துவந்தும் நிற்கலாம். சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. நடைமுறையில் முதல் தகவல் பெரும்பாலும் வருவது 1098 என்ற இலவச எண்ணுக்கு. பத்து, ஒன்பது, எட்டு என்று சின்னப் பிள்ளைக்கும் மனத்தில் நிற்கும் எண் அது. 1996-இல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியாக ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய உதவித் தொலைபேசி பின்னர் நாடெங்கும் பரவியது. தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்துவந்த அந்தச் சேவையை 2023 முதல் அரசே படிப்படியாக ஏற்று, 112 அவசர எண்ணோடு இணைத்து நடத்துகிறது.

காட்பாடி சந்திப்பில் இரவு பதினொரு மணிக்கு வடக்கேயிருந்து வந்த ரயிலிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தனியாக இறங்கி நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ரயில்வே போலீஸ்காரர் அவனைக் கவனிக்கிறார். அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, அவன் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். குழு கூடாத நேரம் என்றால் ஓர் உறுப்பினரின் முன் நிறுத்தினாலும் போதும். விலங்கு போடக்கூடாது, லாக்கப்பில் வைக்கக்கூடாது. கூடவருகிற போலீஸ்காரர் சீருடையில் வரக்கூடாது. குழு உட்காரும் இடத்துக்கும் விதி உண்டு: குழந்தைகள் இல்லத்திலோ அதற்கு அருகிலோ கூட வேண்டும், நீதிமன்றத்தில் இருப்பதுபோல் உயர்ந்த மேடையோ கூண்டோ இருக்கக்கூடாது. பையனும் உறுப்பினர்களும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியவராது. பையன் சொல்கிற பெயர் நிஜப்பெயராக இருக்காது. வயது கூட்டிச் சொல்வான். வேலைக்குக் கூட்டிவந்த ஆள் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார். அவன் பேசும் மொழி போஜ்புரியா ஒடியாவா என்பதைக் கண்டுபிடித்து மொழிபெயர்ப்பாளரைத் தேடவே பாதிநாள் போய்விடும். வயதில் சந்தேகம் என்றால் பள்ளிச் சான்றிதழைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. எக்ஸ்ரே எடுத்தால் வயது தெரிந்துவிடும் என்று பலரும் நினைத்தாலும், அந்தச் சோதனை ஓரிரு ஆண்டு முன்பின்னாகத்தான் சொல்லும். அதனால்தான் சட்டம் அதைக் கடைசியில் வைத்திருக்கிறது.

அதன்பின் சமூக விசாரணை. நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ பிள்ளையின் வீட்டு நிலவரம், படிப்பு, உடம்பு, யாரோடு இருந்தான், ஏன் கிளம்பினான் என்பதையெல்லாம் விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும். குழு நான்கு மாதத்துக்குள் இறுதி முடிவு எடுக்க வேண்டும். வீடு வேறு மாநிலத்தில் என்றால் அந்த மாவட்டத்துக் குழுவுக்கு எழுதி, அங்கே வீட்டைப் பார்த்துவரச் சொல்லி, பிறகுதான் அனுப்புவார்கள். பெற்றோர் ரயிலேறி ஓடிவந்து நின்றாலும் அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போக முடியாமல் போவது இதனால்தான். பெற்றோருக்கு அது கொடுமையாகத் தெரியும். ஆனால் ஓடிவந்த பிள்ளை எதிலிருந்து ஓடிவந்தது என்று தெரியாமல் திருப்பி அனுப்பும் குழு, தன் வேலையைச் செய்யாத குழு.

இந்த விசாரணைகளுக்கெல்லாம் ஓடியாடுவது குழு அல்ல. அதற்குக் கையும் காலுமாக இருப்பது மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் 2009-க்குப் பிறகு உருவான அலுவலகம் இது. அந்தத் திட்டத்தின் இன்றைய பெயர் மிஷன் வாத்சல்யா. பாதுகாப்பு அலுவலர்கள், சட்ட அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர்கள், களப்பணியாளர்கள் என்று ஒரு சிறு படை. இவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள் என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். ஒரு பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்ற ஆற்றுப்படுத்துநர் அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், புதிதாக வருபவரிடம் அந்தப் பிள்ளை முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மாநில அளவில் இவற்றை மேற்பார்க்கும் துறை நீண்ட காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்று அழைக்கப்பட்டது. இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை.

விசாரணை முடிந்தபின் குழுவின் முன் உள்ள வழிகள் பல. வீட்டுக்கே அனுப்புவது அவற்றில் முதலாவது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் சரியானதும்கூட. வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரிக்கக்கூடாது. கணவனை இழந்த தாய், கட்டுமான வேலைக்குப் போய்க்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாமல் ஹோமில் சேர்க்க வந்தால், குழு அவருக்குக் காட்ட வேண்டிய வழி நிதி ஆதரவு. மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் இதற்கு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்க ஆகும் கட்டடம், சமையல், காவல் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்த உதவித்தொகை அரசுக்கு மலிவுதான். அப்படியிருந்தும் இதைக் கேட்டு வருபவர்களைவிட, பிள்ளையை ஹோமில் சேர்க்கக் கேட்டு வருபவர்களே அதிகம். விஷயம் ஊருக்குள் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு அனுப்ப முடியாத பிள்ளைக்கு அடுத்த வழி வளர்ப்புப் பராமரிப்பு. ரத்த உறவில்லாத ஒரு குடும்பம், தத்தெடுக்காமல், குறிப்பிட்ட காலம் பிள்ளையை வைத்து வளர்ப்பது. 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தனியாக வாழ்பவர்களுக்கும் இதில் இடம் தந்தன. இரண்டு ஆண்டு வளர்த்தபின் தத்தெடுக்கவும் வழி செய்தன. மேல்நாடுகளில் பெருவழக்காக உள்ள இந்த முறை நம் ஊரில் இன்னும் காலூன்றவில்லை. சித்தி வீட்டிலும் பாட்டி வீட்டிலும் பிள்ளை வளர்வது நமக்குப் பழக்கம். முன்பின் தெரியாத வீட்டுப் பிள்ளையைக் கொஞ்ச காலம் மட்டும் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது பழக்கமில்லை.

தத்து வேறு வகை. பிள்ளையைச் சட்டப்படி தத்துக்குத் தகுதியானது என்று அறிவிப்பது குழுதான். அதற்கு உறுப்பினர்களில் மூன்று பேராவது ஒப்ப வேண்டும். கைவிடப்பட்ட குழந்தை என்றால் படத்தோடு செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, பெற்றோரைத் தேடி, இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு நான்கு மாதத்துக்குள்ளும் அறிவிப்பு செய்ய வேண்டும். அதன்பின் மத்தியத் தத்துவள ஆணையத்தின் இணையவழிப் பதிவு மூலமாக மட்டுமே குழந்தை ஒரு குடும்பத்துக்குப் போகும். இறுதி ஆணையை முன்பு நீதிமன்றம் தந்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார்.

பெற்றவர்களே குழந்தையை ஒப்படைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. திருமணமாகாத தாயாக இருக்கலாம், நோயுற்ற தகப்பனாக இருக்கலாம். குழுவிடம் வந்தால் ஆற்றுப்படுத்துநர் பேசுவார், கையெழுத்தாகும், பிறகு இரண்டு மாதம் காத்திருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறலாம். பெயர் வெளியே வராது. முட்புதரில் போட்டுவிட்டு ஓடுவதற்கு எந்தத் தேவையும் இல்லாதபடி செய்யப்பட்ட ஏற்பாடு இது. போட்டுவிட்டுப் போனவரே பிடிபட்டாலும், தன் கையை மீறிய சூழ்நிலையில் செய்தது என்று தெரியவந்தால் தண்டனை கிடையாது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது 1980-களின் நடுவில் பத்திரிகைகள் மூலம் நாடெங்கும் தெரியவந்தது. 1992-இல் ஜெயலலிதா அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்பதுதான் திட்டம். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும், 2011-இல் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கும் அது விரிந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்ற மனப்போக்குக்கு அரசே தொட்டில் கட்டிக்கொடுப்பதா என்ற விமர்சனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தை உயிரோடு இருந்தது என்பதும் மறுக்க முடியாதது.

சட்டப்படி ஒப்படைத்துத் தத்துக் கொடுக்கும் வழியை விட்டுக் குறுக்குவழியில் போவதன் முகத்தை 2019-இல் ராசிபுரம் காட்டியது. குழந்தைக்கு விலை பேசும் தொலைபேசி உரையாடல் ஒன்று வெளியாகி, பச்சிளம் குழந்தைகள் ஆண் பெண், நிறம் பார்த்து விற்கப்பட்டது அம்பலமானது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் தரும் குற்றம். வாங்கியவர்களில் பலர் தாங்கள் தத்து எடுத்ததாகவே நம்புவார்கள். பத்திரம் எழுதி நோட்டரி முத்திரை குத்திவிட்டால் தத்து ஆகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் ஊர்களில் இருக்கிறது; அப்படி ஆகாது.

எல்லா வழியும் அடைபட்டபின் மீதமிருப்பது இல்லம். அரசு நடத்துவதானாலும் தனியார் அறக்கட்டளை நடத்துவதானாலும் பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இதில் தமிழ்நாட்டின் பெயர் உச்சநீதிமன்ற வழக்கொன்றின் தலைப்பிலேயே நிற்கிறது. மாமல்லபுரத்தில் ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக 2007-இல் வந்த பத்திரிகைச் செய்தியில் தொடங்கிய வழக்கு அது. நீதிபதி மதன் லோகுர் 2017 மே மாதம் தீர்ப்பு எழுதினார். நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாக வேண்டும் என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டே பீகாரின் முசாபர்பூரில் பெண் குழந்தைகள் இல்லத்தில் நடந்த கொடுமை சமூகத் தணிக்கையில் வெளிவந்தது. இல்லங்களுக்கு மாதம் இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்ப்பது குழுவின் கடமை. சொல்லாமல் போய், வார்டன் இல்லாத இடத்தில் பிள்ளைகளிடம் தனியாகப் பேசினால்தான் அது ஆய்வு. இல்லம் நடத்துபவரே குழுவிலும் உறுப்பினராக இருப்பதை 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்திலேயே தடைசெய்தது. அதைச் செய்ய இத்தனை ஆண்டு ஆனதுதான் வியப்பு.

பொதுமக்களுக்கும் இதில் கடமை உண்டு. தனித்துக் கிடக்கும் குழந்தையைக் கண்டு தன் பொறுப்பில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழுவுக்கோ, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் கீழ், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தைப் பற்றித் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். காவல்துறை அதை 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு நடக்கும் காலம் முழுவதும் பிள்ளைக்குத் துணையாக நிற்க ஓர் ஆதரவு நபரைக் குழு நியமிக்கலாம். அதேசமயம் பிள்ளையின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உதவி செய்யும் நினைப்பில் தொலைந்த பிள்ளையோடு செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புபவர்கள் இந்த விதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

குழுவின் முடிவு பிடிக்காதவர்கள் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு தொடர்பான முடிவுகள் என்றால் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். இந்தப் பிள்ளைக்குப் பராமரிப்பு தேவையில்லை என்று குழு சொல்லிவிட்டால் முன்பு அதோடு சரி; 2021 திருத்தத்துக்குப் பிறகு அதையும் எதிர்த்து முறையிடலாம்.

பிள்ளைக்கு 18 முடிந்த நாளில் குழுவின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பத்து, பன்னிரண்டு ஆண்டு இல்லத்தில் மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் படுக்கை என்று வளர்ந்தவர்கள், வங்கியில் பணம் எடுப்பது முதல் வாடகை வீடு பார்ப்பது வரை எல்லாவற்றையும் அதன்பின் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகச் சட்டத்தில் உள்ளது பிற்காப்பு: 21 வயது வரையிலும், தேவைப்பட்டால் 23 வரையிலும் தங்குமிடம், தொழிற்பயிற்சி, உதவித்தொகை. முழு ஏற்பாட்டிலும் மெலிந்த பகுதி இதுதான். பிற்காப்பு இடங்கள் குறைவு. பிள்ளைகளுக்கும் இன்னொரு ஹோமில் போய் இருக்க விருப்பமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் தாளில் பதினைந்து, பதினாறு வயதிலேயே அடுத்த படிப்பும் தங்குமிடமும் எழுதப்பட்டு, யாராவது ஒருவர் அதைப் பின்தொடர்ந்த இடங்களில் பிள்ளைகள் ஐ.டி.ஐ., நர்சிங், கல்லூரி விடுதி என்று நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.